கவிழ்த்து வைத்த துருப்பு

இலங்கைத் தமிழர் வீடுகளில் ‘முந்நூற்றுநாலு’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் பாயை விரிப்பார். பெயரே ஒரு கணக்கு. 52 கடதாசியில் இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 சின்னத் தாள்களை ஒதுக்கிவிட்டால் 32 மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள். ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. சின்ன வயதிலிருந்து விளையாடி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பழகிப்போய்விட்டதால் அதில் உள்ள வினோதம் கண்ணில் படுவதில்லை. முடி சூடிய ராசா மூன்றே புள்ளி. அவனுக்குச் சேவகம் செய்கிற ஜாக் முப்பது. ஒன்பது என்ற சாதாரண இலக்கத் தாள் ஆசை அடித்துக்கொண்டு போகிறது. இப்படித் தலைகீழான ஒரு வரிசையை எந்த ஊர்க்காரர் கட்டினார்கள், அது கிழக்கிலங்கையின் கல்முனைக் கரைக்கும் அதற்கு அப்பால் வயலுக்கு நடுவே இருக்கும் சொறிக்கல்முனைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. சீட்டு விளையாட்டுக்கு யாரும் கல்வெட்டு வெட்டி வைப்பதில்லை. அதன் விதிகளையே ஆவணமாக வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால், புள்ளிக் கணக்கு ஒல்லாந்தர் கோட்டைகளின் வழியே வந்தது என்றும், துருப்பை மறைத்து வைக்கும் பழக்கம் நமது துணைக்கண்டத்தின் சரக்கு என்றும், இரண்டும் ஒன்றாகக் கலந்த இடத்தில்தான் காசு வைக்காமலே ஒரு குடும்பத்தை மணிக்கணக்கில் கட்டிப்போடும் ஞாபகப் போட்டி பிறந்தது என்றும் சொல்ல முடியும்.

முதலில் ஆட்டத்தின் நடப்பைக் கிட்ட நின்று பார்க்கலாம். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நாலு தாள் மட்டும் பிரிக்கப்படும். அந்த நாலைப் பார்த்துவிட்டே, தம் கட்சி எத்தனை புள்ளி எடுக்கும் என்ற கேள்வி தொடங்கும். பொதுவான வழக்கில் 160க்குக் கீழே கேட்க முடியாது. கூடக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கவிழ்த்துத் தன் முன்னே வைப்பார். அதன் இனம்தான் துருப்பு. அது என்ன இனம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். எதிரே இருக்கும் அவருடைய கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. பிறகு மிச்ச நாலு தாளும் பிரிக்கப்பட்டு எட்டுப் பிடிகளுக்கான ஆட்டம் நடக்கும். ஆட்டத்தின் சாரம் இதற்கு அடுத்த விதியில் இருக்கிறது. இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் ஒரு தாளைக் கவிழ்த்துப் போடலாம். பிடி முடிந்ததும் துருப்பு வைத்தவர் மட்டும் அதை நிமிர்த்திப் பார்ப்பார். அது துருப்பாக இருந்தால் எல்லாருக்கும் காட்டவேண்டும். அந்தக் கணமே இரகசியம் வெளிப்பட்டுவிடும். இல்லாவிட்டால் பார்த்தபடியே மீண்டும் கவிழ்த்து ஒதுக்கிவிடுவார். அந்த ஒதுக்கலில் எத்தனை செய்தி இருக்கிறது! ஆர்ட்டின் இனம் இறங்கியபோது இவர் கவிழ்த்துப் போட்டார். ஆகவே இவரிடம் ஆர்ட்டின் இல்லை. போட்டது துருப்பும் இல்லை. போனது வெறும் ஏழா, காப்பாற்ற முடியாமல் கைவிட்ட பத்தா என்பது இருவருக்கு மட்டும் தெரியும். மற்ற இருவரும் அந்தத் தாளை ஒரு கேள்விக்குறியாகத் தலைக்குள் வைத்துக்கொண்டே மிச்சப் பிடிகளையும் ஆட வேண்டும். எட்டுத் தாள் கையில், 24 தாள் கண்ணுக்குத் தெரியாமல். யார் எதைப் போட்டார், எதைப் போடாமல் தயங்கினார், துருப்பு வைத்தவர் எந்த இனத்தைத் தொடாமலே சுற்றி வருகிறார் என்பதை வைத்து அந்த 24ஐ ஊகித்து இருப்பிடம் குறிக்க வேண்டும். இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்து அடுத்த கை பிரிக்கப்பட்டுவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஜாக்கையும் ஒன்பதையும் உச்சியில் ஏற்றும் வரிசை உலகில் கண்ட இடமெல்லாம் முளைப்பதில்லை. ஐரோப்பாவில் அதற்கு ஒரே ஒரு பெருங்குடும்பம் உண்டு: சுவிட்சர்லாந்தில் யாஸ், ஒல்லாந்தில் கிளாவர்யாஸ், பிரான்சில் பெலோட். கிளாவர்யாசில் துருப்பு இனத்து ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 4, ராணிக்கு 3. துருப்பில்லாத இனங்களில் ஜாக் கீழே இறங்கி 2 புள்ளியோடு நிற்கும். நமது கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசின் 11ம் பத்தின் 10ம் அப்படியே இருக்கின்றன. ஜாக்கின் 20ம் ஒன்பதின் 14ம் 30ஆகவும் 20ஆகவும் உயர்த்தப்பட்டிருக்கின்றன. ராசாவும் ராணியும் 4, 3 என்பதிலிருந்து 3, 2 என்று ஒரு படி இறங்கியிருக்கின்றன. ஜாக் எல்லா இனத்திலும் மேலே போய்விட்டதால் அடியில் அது விட்டுச்சென்ற இடத்துக்கு மற்ற இரண்டும் சரிந்தன என்று கொண்டால் இந்த மாற்றம் மிக எளிதாக விளங்குகிறது. 11 என்ற அந்த ஒற்றைப்படை எண்தான் என் வாதத்தின் அச்சாணி. புதிதாக ஒரு விளையாட்டை உண்டாக்குகிறவர் 30, 20, 10 என்று வைப்பார்; ஆசுக்கு 11 வைத்துக் கூட்டலைச் சிக்கலாக்க மாட்டார். அது வேறொருவர் வீட்டிலிருந்து வந்த எண்.

காலம் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். சுவிட்சர்லாந்தில் யாஸ் விளையாட்டைப் பற்றிய முதல் குறிப்பு 1796இல், சாஃப்ஹவுசன் மாநிலத்துச் சிப்லிங்கன் என்ற ஊரில் கிடைக்கிறது. அதே 1796இல்தான் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து பிரித்தானியர் கைக்குப் போனது. அப்படியானால் விளையாட்டு பிறப்பதற்குள் ஒல்லாந்தர் கப்பலேறிவிட்டார்களே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் சுவிஸ் குறிப்பு, விளையாட்டு அங்கே வந்து சேர்ந்ததன் சான்று. பிறந்ததன் சான்று அன்று. அதை அங்கே கொண்டுபோனவர்கள் ஒல்லாந்தில் கூலிப்படையாக வேலை பார்த்துத் திரும்பிய சிப்பாய்கள் என்பதே சீட்டு வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் ஒல்லாந்தர் மட்டும் இருந்ததும் இல்லை. செர்மானியரும் சுவிஸ்காரரும் நிறையப் பேர். 1781இல் நெஷாட்டெலைச் சேர்ந்த டி மெரோன் கம்பனிக்காகத் திரட்டிய சுவிஸ் படைப்பிரிவு நன்னம்பிக்கை முனையில் இருந்துவிட்டு இலங்கைக்கு வந்து, 1795இல் பிரித்தானியர் பக்கம் மாறியது. சிப்லிங்கன் ஊரார் சீட்டாடிய அதே காலத்தில் அவர்களுடைய நாட்டவர் இங்கே கோட்டைச் சுவருக்குள் மழை விடுவதற்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வேலையில்லாத சிப்பாய் கையில் சீட்டுக் கட்டு இல்லாமல் இருந்திருப்பான் என்று நம்புவதுதான் கடினம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் போர்த்துக்கேயரைப் பற்றியது. 1505 முதல் இந்தத் தீவோடு தொடர்புகொண்டவர்கள் அவர்கள். சீட்டுக்கட்டைக் கீழைத் தேசங்களுக்குப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில்கூட அவர்கள் விட்டுப்போன கட்டுதான் உள்ளூர்ச் சீட்டுகளுக்கு மூலம். மேலும் நமது ஆட்டம் வலக்கைப் பக்கமாகச் சுற்றுகிறது. போர்த்துக்கேய ஆட்டங்களும் அப்படியே. கிளாவர்யாஸ் இடக்கைப் பக்கம் சுற்றுவது. ஆகவே இது போர்த்துக்கேயச் சொத்து என்று வாதிடுவோர் உண்டு. சுற்றும் திசை மட்டும் கையில் இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் சுவிஸ் யாசும் வலக்கைப் பக்கமே சுற்றுகிறது என்பதால் அந்தச் சான்று இரு பக்கமும் சாய்கிறது. வரிசையோ ஒரு பக்கம்தான் சாய்கிறது. போர்த்துக்கேயரின் நாட்டு விளையாட்டான சுவெக்காவில் ஆசுக்கு அடுத்த உயர்ந்த தாள் ஏழு; அதற்குத்தான் 10 புள்ளி. நம்மிடமோ ஏழு கடைசி, ஒரு மதிப்பும் இல்லாதது. சீட்டுக்கட்டைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்திருக்கலாம், இந்த ஆட்டத்தை அவர்கள் கொண்டுவரவில்லை. இனங்களின் பெயர்களைச் சிலர் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். ஸ்கோப்பன், ஆர்ட்டின், கிளாவர் என்பவை கந்தோர், இலாச்சி போன்று ஒல்லாந்தம் விட்டுப்போன சொற்கள் என்பது உண்மைதான். சிங்களத்திலும் அதே பெயர்கள் சிறிது திரிந்து வழங்குகின்றன. ஆனால் அவை கட்டு யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பதைச் சொல்லும். அந்தக் கட்டை வைத்து என்ன ஆடினார்கள் என்று சொல்லாது. அதற்குக் கணக்குத்தான் சாட்சி.

கணக்கு எவ்வளவு பழையது என்பதற்கு வெளியிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரத்தில் இந்திய வம்சாவழியினர் இன்றும் விடாமல் ஆடும் விளையாட்டுக்குத் தூனி என்று பெயர். 24 தாள் ஆட்டம். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டையும் ஏழையும் தூக்கிவிட்டாலும் மொத்தம் 304தான், ஏனென்றால் அவற்றுக்கு மதிப்பே இல்லை. அந்த மக்களின் முன்னோர் 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். கடலுக்கு இப்பக்கம் மட்டக்களப்பிலும் அப்பக்கம் டர்பனிலும் ஆறு எண்களும் ஒன்று விடாமல் ஒத்துப்போவது தற்செயலாக இருக்க முடியாது. 1911க்கு முன்பே, பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக் கரையில் வேரூன்றியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். பிரித்தானியர் காலத்துக் கழகங்களில் வெள்ளைக்காரத் துரைகளிடம் கற்றது என்ற வாதமும் இங்கே விழுந்துவிடுகிறது. பிரிட்ஜும் விஸ்டும் ஆடிய அவர்களுக்கு ஜாக் என்றால் ராணிக்குக் கீழே நிற்பவன்.

கேரளத்தின் 28ஐயும் இங்கே கூப்பிட வேண்டும். 1663 முதல் 1795 வரை கொச்சி ஒல்லாந்தருடைய பட்டினம். அங்கே ஆடப்படும் 28இல் ஜாக் 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1. ஓர் இனத்துக்கு 7, மொத்தம் 28. இரண்டு கட்டுச் சேர்த்தால் 56. நமது எண்களைப் பத்தால் வகுத்து மிச்சத்தை வீசிவிட்டால் கிடைப்பது அப்படியே 28தான்: 30க்கு 3, 20க்கு 2, 11க்கும் 10க்கும் ஒவ்வொன்று, 3க்கும் 2க்கும் ஒன்றுமில்லை. திருப்பிச் செய்ய முடியாது. 28ஐ மட்டும் தெரிந்த ஒருவர் அதிலிருந்து 11ஐயும் 3ஐயும் 2ஐயும் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகையால் இரண்டில் மூலத்துக்கு நெருங்கியது 304. கேரளத்தார் கூட்டலுக்குச் சோம்பி அதைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது என் முடிவு. மலையாள நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுருக்கியவர்களின் ஆட்டம் வேகமானது என்பதை மறுக்கவில்லை.

இவ்வளவும் ஒல்லாந்தப் பங்கு. நம் பங்கு என்ன? யாஸ் குடும்பத்தில் துருப்பு எல்லாரும் அறியச் சொல்லப்படுவது. அதை ஒரு தாளுக்கு அடியில் ஒளித்து வைப்பது இந்தப் பக்கத்துக் குணம். குசராத்திலும் மராட்டியத்திலும் ஆடப்படும் மெண்டிக்கோட்டில் ஒரு வகை, துருப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தே ஆடுவது. அந்த ஆட்டத்தில் ஆஸ் உச்சி; பத்துகளைப் பிடிப்பதுதான் வெற்றி; ஜாக்குக்கு அங்கே ஒரு மரியாதையும் கிடையாது. யாசோடு எந்த உறவும் இல்லாத ஆட்டத்திலும் மறைத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது என்றால், அந்தப் பழக்கம் தனியாக இங்கே வழங்கி வந்தது, வந்த விளையாட்டோடு பிறகு ஒட்டிக்கொண்டது என்று ஊகிக்கலாம். ஐரோப்பியச் சீட்டு இங்கே பரவுவதற்கு முந்திய கஞ்சிஃபா ஆட்டமும் நினைவில் கொள்ளத்தக்கது. 1527இல் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்கு அனுப்பிவைத்ததாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதிய சீட்டு அது. பரவலாக அறியப்பட்ட வகையில் எட்டு இனம், 96 வட்டத் தாள், துருப்பு என்பதே இல்லை. போன தாளை நினைவில் வைத்து, இனி எது உச்சித் தாள் என்று அறிந்தவரே வெல்லும் ஆட்டம். நினைவை ஆட்டத்தின் நடுவில் வைக்கும் சுவை இந்தத் துணைக்கண்டத்தில் பழசு.

மறைத்து வைத்ததன் விளைவுதான் முக்கியமானது. கிளாவர்யாசில் ஜாக்கும் ஒன்பதும் துருப்பு இனத்தில் மட்டும் உயர்ந்தவை. நம்மிடம் நாலு இனத்திலும் அப்படி. இந்த வித்தியாசத்தை இடையில் யாரோ செய்த தவறு என்று தள்ளிவிட முடியாது. துருப்பு எது என்று மூன்று பேருக்குத் தெரியாத ஆட்டத்தில், துருப்புக்கு ஒரு வரிசை, மற்ற இனங்களுக்கு வேறு வரிசை என்று வைத்தால் என்ன ஆகும்? கிளாவர் இறங்குகிறது, ஒருவர் ஆஸ் போடுகிறார், இன்னொருவர் ஒன்பது போடுகிறார். கிளாவர் துருப்பா இல்லையா என்பது தெரிந்தால்தான் பிடி யாருடையது என்று சொல்ல முடியும். துருப்பு வைத்தவர் வாயைத் திறந்தால் இரகசியம் போய்விடும். திறக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆக, மறைக்க வேண்டுமென்றால் எல்லா இனத்துக்கும் ஒரே வரிசை வேண்டும். ஜாக்கை எல்லா இனத்திலும் முடிசூட்டியது அதனால்தான். வந்த கணக்கை வாங்கிக்கொண்டவர்கள் அதை அப்படியே வைத்திருக்கவில்லை, தங்கள் பழக்கத்துக்குப் பொருந்தும்படி உடைத்து மறுபடி கட்டினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குத் தெரியவில்லை. டர்பனின் தூனியிலும் எல்லா இனத்துக்கும் ஒரே வரிசைதான் என்பதால் இந்த மாற்றமும் அந்தக் கப்பல்கள் புறப்படுமுன்னரே நடந்திருக்க வேண்டும்.

ஆட்டம் கிழக்குக் கரைக்கு வந்த வழியைத் தேடுகிறவர் மட்டக்களப்பைத்தான் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்பட்டது. அதுவரை கல்முனையும் சம்மாந்துறையும் நாவிதன்வெளியும் சொறிக்கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். இடையில் கண்டி அரசன் கைக்குப் போய் மீண்டும் அவர்களிடம் வந்து, 1795 வரை இருந்தது. 1766 உடன்படிக்கையில் கண்டி அரசு தீவைச் சுற்றிய கரை முழுவதையும் விட்டுக்கொடுத்தபின் இந்த நெற்கரையிலும் அவர்கள் கை நீண்டது. கோட்டை கைமாறியபோது எல்லாரும் கப்பலேறவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் இருக்கிறார்கள். போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் கத்தோலிக்கர், தச்சு வேலையில் பேர் போனவர்கள், ஒல்லாந்தச் சிப்பாய்களின் குடும்பப் பெயர்களையும் சேர்த்துச் சுமப்பவர்கள். டச்பார் என்ற இடப்பெயர் இன்னும் மட்டக்களப்பில் வழங்குகிறது. மொழியால் போர்த்துக்கேயமும் வமிசத்தால் ஒல்லாந்தமும் கலந்த இந்தச் சமூகம் ஒரு சீட்டு விளையாட்டைக் கோட்டையிலிருந்து ஊருக்குள் கொண்டுவரப் பொருத்தமான பாலம். சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலத்தைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்க ஊர். மட்டக்களப்புக் கத்தோலிக்கரோடு கோயில் வழி உறவு இருந்த ஊர். மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாயும்போது கல்முனைப் பக்கம் போக வழியில்லாமல் நாவிதன்வெளிப் பக்கத்து ஊர்கள் வீட்டுக்குள் இருந்துவிடும். தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததே 1979இல். அதற்கு முந்திய மாரிகளின் நீளமான மாலைகளுக்கு விளக்கும் கட்டும் போதும்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை முஸ்லிம்களிடையே கதை கொஞ்சம் வேறு. அங்கே கடதாசி என்றாலே சூது என்ற நிழல் கூடவே வரும். குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்குகிறது; பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் கட்டைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு அது போதிய காரணம். இதை வெறும் பழமை என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஆனால் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் அறிஞர்கள் இந்தக் கேள்வியை நுணுக்கமாகவே அணுகியிருக்கிறார்கள். கணக்கிலும் சிந்தனையிலும் ஊன்றிய விளையாட்டு வேறு, தாயக்கட்டையின் விழுகையைப் போல் குருட்டு ஊகத்தில் ஊன்றிய விளையாட்டு வேறு என்று பிரித்து, சதுரங்கத்தை முதல் வகையில் வைத்து, விரும்பத்தகாதது என்றாலும் ஹராம் அல்ல என்றார்கள். 304 எந்தப் பக்கம் விழும் என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. கட்டுரைக்காரனின் வேலை அன்று. பிரிக்கும் கோடு எங்கே போடப்பட்டது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அரசின் சட்டமும் ஏறத்தாழ அங்கேதான் கோடு போட்டது. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தின் கண் பந்தயப் பொருள் மேலேயே இருந்தது. 304ஐப் பந்தயம் இல்லாமல் ஆட முடிவதற்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்சியும் குறித்த அளவு காயோடு தொடங்கும். பொதுவான ஒரு வழக்கில் கேட்டது 200க்குக் கீழே என்றால் வென்றவருக்கு ஒரு காய், தோற்றால் இரண்டு போகும். புளியங்கொட்டையோ, ஒதுக்கி வைத்த அந்த 20 சின்னத் தாள்களோ காயாக இருந்துவிடும். தோற்றவர் கொடுப்பது மானத்தை மட்டுமே. அதுவே போதுமான பந்தயம்.

‘எட்டுத் தாளை அதிர்ஷ்டம் பிரிக்கிறது, பிறகு என்ன ஞாபகம், என்ன ஊகம்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். அதிர்ஷ்டம் உண்டு, இரண்டு ஜாக்கும் இரண்டு ஒன்பதும் ஒரே கையில் விழுந்தால் சோம்பேறியும் வெல்வான். அதைச் சமன் செய்யத்தான் கேள்வி இருக்கிறது. நல்ல கை விழுந்தவர் கூடக் கேட்கத் தள்ளப்படுகிறார். 160க்குக் கேட்டால் எதிர்க்கட்சி 145 எடுத்தால்தான் கெடுக்க முடியும். 200க்கு ஏறிவிட்டால் 105 போதும். அதிர்ஷ்டத்துக்கு வரி விதிக்கும் ஏற்பாடு அது. இதற்கும் மேலே ‘கப்ஸ்’ என்ற விதி. எட்டுப் பிடியும் தம் கட்சிக்கே என்பது உறுதியானால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்டிப்பாக ஆடுபவர்களிடம், அது உறுதியாகிய அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டும். இதுவரை விழுந்த தாள்களை நினைவில் வைத்திருந்தால் இப்போதே தெரிந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் ஒரு பிடி ஆடிவிட்டுச் சொன்னாய் என்று எதிரே உள்ளவர் கேட்டு நிரூபித்துவிட்டால், எல்லாப் பிடியையும் வென்ற கட்சிக்குத் தண்டம். கையில் நல்ல தாள் இருந்தும் மறதிக்காகத் தோற்கும் விதி இது. வென்றும் தோற்கலாம் என்று சொல்லும் ஒரு விளையாட்டை அதிர்ஷ்ட விளையாட்டு என்று அழைப்பது பொருந்தாது.

குடும்பத்துக்குள் அது தங்கியதற்கும் நமது கரையின் அமைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு; மணமகன் மனைவி வீட்டுக்கு வருபவன். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆக ஒரு வீட்டுத் திண்ணையில் கூடும் ஆண்கள் அண்ணன் தம்பிகளாக இருப்பது குறைவு. மாமனும் மருமகனும், ஒருவருக்கொருவர் மச்சானும்தான் அதிகம். மாமாவோடு மருமகன் வாய்க்கு வந்தபடி பேச முடியாது. மச்சானோடு எதையும் பேசலாம். பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது, கூட்டாளியின் மனதைத் தாளைப் பார்த்தே அறிய வேண்டும் என்று விதிக்கும் ஓர் ஆட்டம் இப்படிப்பட்ட உறவுக்காரர்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ‘மாமா, நீங்க முதல்லயே கப்ஸ் சொல்லியிருக்கணும்’ என்று ஒரு மருமகன் மரியாதை கெடாமல் குறை சொல்லக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது? இதற்கு ஒரு கறையும் உண்டு. நீண்ட காலம் இது ஆண்களின் பாய். பெண்கள் தேநீரோடு வந்து போனார்கள். செத்த வீட்டில் இரவு விழித்திருக்க ஆடும் வழக்கம் தமிழரிடமும் சிங்களவரிடமும் உண்டு, அங்கும் ஆண்களே. முஸ்லிம்கள் மையித்தைத் தாமதிக்காமல் அடக்கிவிடுவதால் அந்த வழக்கத்துக்கே அங்கே இடமில்லை. வீட்டுக்குள் அடைந்திருந்த யுத்தகால ஊரடங்கு இரவுகளில் நாலாவது ஆள் வெளியிலிருந்து வர முடியாமல் போனபோது பல வீடுகளில் மகள்மார் கூட்டாளிகளானார்கள். கணக்குக்கும் ஞாபகத்துக்கும் ஆண் பெண் பேதம் இல்லையென்பது அதற்குப் பிறகு விவாதமாகவே இல்லை.

இன்று டொறொண்டோவிலும் இலண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி நடத்துகின்றன. கைபேசியிலும் கணினியிலும் ஆடக் கிடைக்கிறது. அங்கெல்லாம் ஒரே அச்சு விதி வந்துவிடும், வீட்டுக்கு வீடு இருந்த வேறுபாடு மறைந்துவிடும். இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் நின்றது 11 என்ற ஓர் எண்ணிலும், ஜாக் எல்லா இனத்திலும் உயர்ந்திருப்பதிலும், தாளைக் கவிழ்த்துப் போடும் ஒரு விதியிலும்தான். வீட்டு விதி ஒவ்வொன்றும் அப்படி ஒரு தடயம். ஆகவே கல்முனையிலோ சொறிக்கல்முனையிலோ சம்மாந்துறையிலோ இதை வாசிக்கிறவர்கள், வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள்: எத்தனை காயோடு தொடங்குவீர்கள், குறைந்த கேள்வி எவ்வளவு, கூட்டாளியைக் கேட்கச் சொல்ல என்ன சொல் சொல்வீர்கள், கப்ஸ் பிந்தினால் தண்டம் எத்தனை, ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர், அதை யாரிடம், எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் படித்தீர்கள். எழுதிய பக்கத்தில் திகதியும் ஊர்ப்பெயரும் போடுங்கள்.